'சிக்கலற்றது' என்று சொல்லி விற்ற திறைசேரி முறி நிதியம்: முறைப்பாடு

கொழும்பு 06

வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு முகாமையாளருக்கு,

நான்கு மாதங்களுக்கு முன் உங்கள் வெள்ளவத்தைக் கிளையில், என் பணிக்கொடையில் 10 இலட்சம் ரூபாயை உங்கள் நீண்டகாலத் திறைசேரி முறி (அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரம்) நிதியத்தில் போட்டேன். இன்று அது 9 இலட்சத்து 56 ஆயிரம். சந்தை இறங்கியதற்கு உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. எனக்குச் சொல்லாமல் விட்டதற்குத்தான் கேட்கிறேன்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் 'சிக்கலற்றது' என்ற பெட்டிக்கு நீல மையால் சரி போட்டவர் உங்கள் உத்தியோகத்தர். அது என்னவென்று கேட்டேன். "பயப்படாதேங்கோ அன்ரி, ஐரோப்பாவிலயும் இதைச் சிக்கலற்றது எண்டுதான் வகைப்படுத்தியிருக்கு. அரசாங்கக் கடதாசி, நிலையான வைப்பு மாதிரித்தான்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் கையெழுத்து வைத்தேன்.

பிறகு மகளோடு இருந்து தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மிஃபிட் 2 என்னும் முதலீட்டு விற்பனை விதிகளில், சாதாரண யூசிட்ஸ் நிதியங்கள், அதாவது பொதுமக்களுக்கு விற்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டு முதலீட்டு நிதியங்கள், சிக்கலற்றவை என்பது உண்மை. ஒருவர் தானாகக் கேட்டு வாங்கினால், அவருக்கு அது விளங்குமா என்று விற்பவர் சோதிக்கத் தேவையில்லை; அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவுதான். பங்குகளை மட்டும் வாங்கும் யூசிட்ஸ் நிதியமும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆபத்தை அங்கே 1 முதல் 7 வரை இலக்கமிட்டு வேறாகக் காட்டுகிறார்கள். ஆலோசனை சொல்லி விற்றால், அது வாங்குபவருக்குப் பொருந்துமா என்று பார்த்தே ஆகவேண்டும். எனக்கு உங்கள் உத்தியோகத்தர் சொன்னது ஆலோசனை இல்லையா?

91 நாள் திறைசேரி உண்டியல்களை (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரங்களை) வைத்திருக்கும் உங்கள் மற்ற நிதியத்தின் படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே பெட்டி, அதே சரி! ஆனால் இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல. பணம் திரும்பி வரும் சராசரிக் காலம் 7 வருடமென்றால், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏற முறியின் விலை ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கும். 31 வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தியிருக்கலாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதைக் கண்ட ஊர் இது. இங்கே இதைச் சொல்லாமல் விற்கலாமா?

வெளியேறும் கட்டணம் அறவிடாமல் என் பணத்தை உண்டியல் நிதியத்துக்கு மாற்றித் தாருங்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சராசரிக் காலத்தையும் ஆபத்து அளவையும் தமிழிலும் அச்சிடுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், படிவப் பிரதியோடு இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் போவேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்