கத்தி அலகுகளின் கடினத்தன்மை குறித்த தவறான சோதனை அறிக்கை தொடர்பாகப் புகார்

அனுப்புநர்:
மீன் கத்திப் பட்டறை உரிமையாளர்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு.

பொருள்: தோய்ச்சலுக்கு (சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்க) கொடுத்த 40 கத்தி அலகுகள் கேட்ட கடினத்தன்மைக்கு வராதது, அவற்றுடன் வந்த சோதனை அறிக்கை நம்பத்தகாதது குறித்து.

ஐயா,

வணக்கம். கடலூர் துறைமுகத்தில் மீன் ஆயும் பெண்களுக்காகக் கத்தி செய்து விற்பதே என் தொழில். இ.என். 31 என்னும் கரிச்சத்து மிகுந்த எஃகில் 3 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிய 40 அலகுகளைத் தங்களிடம் கொடுத்து, கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) 58 முதல் 60 வரை வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருந்தேன். கட்டணத்தை முழுவதும் செலுத்தினேன். அலகுகளோடு வந்த அறிக்கையில், நாற்பதுக்கும் ஒரே எண்ணாக 59 என்று போடப்பட்டிருந்தது.

பிடி போட்டு 18 கத்திகளை விற்ற மூன்றாம் நாளே குறை வந்தது. எங்கள் அங்காடியில் பல ஆண்டுகளாக மீன் ஆயும் அக்கா ஒருவர் தம் கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்து, வஞ்சிரத்தின் நடுமுள்ளை நான்கைந்து முறை வெட்டியதுமே கத்தியின் வாய் (வெட்டும் விளிம்பு) மடங்கிவிட்டதாகச் சொன்னார். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, வாய் நெடுகிலும் மெல்லிய வெள்ளிக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மின்னியது. கட்டைவிரலை ஒரு பக்கம் ஓட்டினால் வழுக்கியது, மறுபக்கம் நகத்தில் தட்டியது. 59 உள்ள எஃகு அந்த அடிக்கு வாய் சிதறியிருக்கலாமே தவிர, இப்படித் துவண்டு மடங்காது. அந்தக் கத்தியை நம்பி அன்றைய கூலிக்கு உட்கார்ந்தவர் அவர் என்பதால், இதைச் சிறிய குறையாக என்னால் விட்டுவிட முடியவில்லை.

சாணை பிடிக்கையில் நானே வாயைச் சூடாக்கிக் கெடுத்திருப்பேனோ என்ற ஐயமும் எனக்கு இருந்தது. ஆகவே, பிடி போடாமல் மிச்சமிருந்த 22 அலகுகளில், தங்களிடமிருந்து வந்தபின் சாணையே படாத, பிடிக்குள் போகும் வால்பகுதியைச் சோதித்தேன். கடினத்தன்மை பார்க்கும் அரங்களில் 50 எண் அரம் வழுக்கிச் சென்றது. 55 எண் அரம் எஃகைப் பிடித்துச் சீவியது. அதாவது கடினத்தன்மை இவ்விரண்டுக்கும் இடையில்தான். காற்றுப்பட்டுச் சூடேறும் எஃகின் மேல்தோல் கரிச்சத்தை இழந்து மென்மையாவதும் உண்டு என்பதால், மூன்று அலகுகளில் அந்தத் தோலைத் தண்ணீர் ஊற்றியபடி தேய்த்து நீக்கி, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ராக்வெல் எந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். 51, 52, 52 என்றே வந்தன.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ராக்வெல் சி சோதனையில் 120 பாகை வைரக்கூம்பை முதலில் 10 கிலோ, பிறகு மொத்தம் 150 கிலோ எடையில் அழுத்தி, அது கூடுதலாக இறங்கிய ஆழத்தை அளக்கிறோம். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் 100இலிருந்து ஓர் எண் குறையும். 59 என்றால் 0.082 மில்லிமீட்டர் ஆழம். ஊசியால் குத்தியது போன்ற ஒரு புள்ளி எஃகில் நிச்சயம் நிற்கும். பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் முன்பே, என் கையிலுள்ள 22 அலகுகளையும் உருப்பெருக்கியின் கீழ் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தப் புள்ளி இருக்கவில்லை. அப்படியானால் 59 என்ற எண் எதிலிருந்து எடுக்கப்பட்டது? அலகுகளோடு உலையில் வைத்த தனித் துண்டில் சோதித்ததாகத் தங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். அப்படிச் செய்வது தவறல்ல. ஆனால் அது எந்த எஃகு, எவ்வளவு கனம், உலையில் எங்கே இருந்தது என்ற ஒரு வரிகூட அறிக்கையில் இல்லாமல், ஒவ்வொரு அலகையும் சோதித்ததுபோல் நாற்பது வரிசையில் 59 என்று நிரப்பியிருப்பதை ஏற்க முடியாது. ஒரே அலகில் மூன்று இடத்தில் அழுத்தினாலே ஓர் எண் முன்பின் வரும் சோதனை இது.

எண்ணெயில் முக்குமுன் அலகுகள் ஆறிப்போனதா, அல்லது எஃகு எளிதில் சிதறாதிருக்க 200 பாகை செல்சியஸை ஒட்டிச் செய்ய வேண்டிய இரண்டாம் சூடு அதிகமாகப் போய்விட்டதா என்பது உலையின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பதிவின் நகலை எனக்கு அனுப்பித் தர வேண்டும். மிச்சமுள்ள 22 அலகுகளையும், நான் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கும் 18 கத்திகளையும் கட்டணமின்றி மீண்டும் தோய்ச்சல் செய்து, இம்முறை குறைந்தது ஐந்து அலகுகளின் வால்பகுதியில் புள்ளி தெரியும்படி சோதித்து, வந்த எண்களை வந்தபடியே எழுதித் தர வேண்டும். இதில் வளைந்து வீணாகும் அலகுகளுக்கு எஃகின் விலையும், 18 கத்திகளுக்கு மறுபடி பிடி போடும் செலவும் தங்கள் பொறுப்பு.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழிலால் பிழைப்பவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. சோதித்த மூன்று அலகுகளையும் மறுதோய்ச்சலுக்குத் தரும்வரை புள்ளிகளோடு அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர் எந்த நாளிலும் பட்டறைக்கு வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்

இடம்: கடலூர் முதுநகர்