இது ஆஸ்கர் கணிப்பா, ஆசையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க சினிமா பக்கத்துல வருஷா வருஷம் வர்ற ஆஸ்கர் கணிப்புக் கட்டுரையை விடாம படிக்கிறவன் நான். எழுத்து நல்லாத்தான் இருக்கு, படங்களைப் பாத்துட்டுத்தான் எழுதுறாங்கன்னும் தெரியுது, ஆனா படிச்சு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் வருது, ஏன்னா அது கணிப்பே இல்லீங்க, விமர்சனம். எந்தப் படம் நல்ல படம், யாரு பிச்சு உதறியிருக்காங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு கடைசி வரியில "எனவே விருது இவருக்கே"ன்னு முடிச்சிடுறாங்க. தேர்தல் சமயத்துல எந்த வேட்பாளர் யோக்கியமானவர்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தா அதுக்கு கருத்துக்கணிப்புன்னு தலைப்பு வச்சு போடுவீங்களா? ஆஸ்கரும் ஓட்டுதானே சார். யாரு போடுறாங்க, எப்படி எண்ணுறாங்கன்னு பாக்காம என்னத்தை கணிக்கிறது.

எண்ணுற விஷயத்துல இருந்தே வரேன், ஏன்னா உங்க கட்டுரையில இது பத்தி ஒரு வரி கூட வந்து நான் பாத்ததில்ல. இறுதிச் சுத்துல மத்த பிரிவுகள்ல எல்லாம் யாருக்கு ஓட்டு அதிகமோ அவங்களுக்கு விருது, முடிஞ்சுது. சிறந்த படத்துக்கு மட்டும் 2010-ல நடந்த விழாவுல இருந்து வேற முறை, போட்டியில இருக்குற படங்களை பிடிச்ச வரிசையில 1, 2, 3ன்னு நம்பர் போட்டுக் கொடுக்கணும். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல முதலிடம் வரலைன்னா கடைசியா இருக்குற படத்தைத் தூக்கிடுவாங்க, அந்தப் படத்துக்கு முதலிடம் கொடுத்தவங்களோட சீட்டெல்லாம் அவங்க அடுத்ததா போட்ட படத்துக்குப் போயிடும், ஒரு படம் பாதியைத் தாண்டுற வரைக்கும் இதே கதைதான். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 100 பேரு, மூணு படம். முதல் படத்துக்கு 40, ரெண்டாவதுக்கு 35, மூணாவதுக்கு 25. சாதாரண தேர்தலா இருந்தா 40 வாங்கினது ஜெயிச்சிருக்கும். இங்க மூணாவது படம் வெளியே போகுது, அதுக்கு ஓட்டு போட்ட 25 பேர்ல 20 பேரு ரெண்டாவது படத்தைத்தான் அடுத்த இடத்துல வச்சிருக்காங்கன்னு வைங்க, இப்ப அது 55, முன்னாடி போயிட்டு இருந்த படம் 45. அவ்ளோதான்.

இதுல இருந்து என்ன புரியுதுன்னா, பாதிப் பேரு தலையில தூக்கி வச்சு ஆடி மீதிப் பேரு வெறுக்குற படத்துக்கு இந்த முறையில கஷ்டம், யாருக்கும் வெறுப்பில்லாம எல்லாரு சீட்டுலயும் ரெண்டு, மூணுன்னு உக்காந்திருக்குற படத்துக்கு யோகம். 2022-ல 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 நாமினேஷனோட வந்துச்சு, ஜேன் காம்பியனுக்கு சிறந்த இயக்குனர் விருது கிடைச்சதோட சரி. 'கோடா'வுக்கு மொத்தமே மூணு நாமினேஷன், இயக்கத்துக்கும் இல்ல எடிட்டிங்குக்கும் இல்ல, ஆனா மூணையும் தட்டிட்டுப் போச்சு, அதுல ஒண்ணு சிறந்த படம். அன்னைக்கு நிறைய பேரு அதிர்ச்சின்னு எழுதினாங்க. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சங்கம் அதுக்கு முன்னாடியே கோடாவுக்குத்தான் விருது கொடுத்திருந்துச்சு, அந்த சங்கமும் இதே வரிசை முறையிலதான் ஓட்டு எண்ணுது, அப்புறம் என்ன அதிர்ச்சி? அதுக்காக சங்கம் சொன்னா வேதவாக்குன்னும் எடுத்துக்க முடியாது. 'லா லா லேண்ட்', '1917' ரெண்டுமே அங்க ஜெயிச்சுட்டு ஆஸ்கர்ல முறையே 'மூன்லைட்'கிட்டயும் 'பாரசைட்'கிட்டயும் தோத்த படங்கதான். 2017 விழான்னாலே எல்லாருக்கும் கவர் மாறிப்போய் லா லா லேண்டுக்குன்னு தப்பா அறிவிச்ச கூத்துதான் ஞாபகம் இருக்கு, ஆனா 14 நாமினேஷன் வாங்கின அந்த லா லா லேண்டுக்கு அமெரிக்க நடிகர் சங்க விருதோட குழு நடிப்புப் பிரிவுல நாமினேஷன் கூட வரலைங்கிறதை அப்பவே கவனிச்சிருந்தா கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்தது யாரு ஓட்டுங்கிறது. கோல்டன் குளோப் அறிவிச்ச மறுநாளே "ஆஸ்கர் உறுதி"ன்னு ஒரு தலைப்பு போட்டுடுறீங்க. கோல்டன் குளோப் கொடுக்கிறது பத்திரிகைக்காரங்க, ஆஸ்கருக்கு ஓட்டு போடுறது சினிமாவுல வேலை செய்றவங்க, அது வேற கூட்டம் இது வேற கூட்டம். சங்கங்களோட விருதுலதான் ரெண்டு பக்கமும் ஓட்டு போடுற ஆளுங்க இருக்காங்க. அமெரிக்க இயக்குனர்கள் சங்கம் 1940-கள் கடைசியில இருந்து விருது கொடுக்குது, அதை வாங்கினவரு ஆஸ்கர் வாங்காம போனது பத்து தடவை கூட இருக்காது, அதனால சிறந்த இயக்குனருக்கு நீங்க அரைப் பக்கம் அலசவே வேண்டாம், சங்கத்துல யாருக்குன்னு பாத்து எழுதிட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம்.

நடிப்புக்குத்தான் கதை சுவாரசியம். 2019-ல நடிகர் சங்க விருதும் கோல்டன் குளோபும் கிளென் க்ளோஸுக்கு, ஆஸ்கர் ஒலிவியா கோல்மனுக்கு. 2021-ல மறைஞ்ச சாட்விக் போஸ்மனுக்குத்தான்னு உலகமே நினைச்சுது, விழா நடத்தினவங்களே சிறந்த நடிகர் விருதைக் கடைசியா வச்சாங்க, கவரைப் பிரிச்சா ஆந்தனி ஹாப்கின்ஸ், அவரு அங்க வரவே இல்ல. 2024-ல லில்லி கிளாட்ஸ்டன் இருக்க எமா ஸ்டோன், 2025-ல டெமி மூர் இருக்க மைக்கி மேடிசன். இந்த நாலு தடவையும் நடிகர் சங்கம் ஒருத்தருக்குக் கொடுத்துச்சு, லண்டன்ல பாஃப்டா, அதாவது பிரிட்டிஷ் சினிமா விருது, இன்னொருத்தருக்குக் கொடுத்துச்சு, நாலு தடவையும் பாஃப்டாதான் சரி. கோல்மனும் ஹாப்கின்ஸும் பிரிட்டிஷ்காரங்க, சொந்த நாட்டுப் பாசம்னு சொல்லிடலாம், ஸ்டோனும் மேடிசனும் அமெரிக்கா ஆச்சே. ஆஸ்கர் கொடுக்குற அகாடமியில 2016-க்கு அப்புறம் வெளிநாட்டு உறுப்பினர்களை நிறைய சேத்திருக்காங்க, அமெரிக்க நடிகர் சங்கத்துல அந்த ஓட்டு இல்ல, வித்தியாசம் அங்கதான்னு எனக்குத் தோணுது. சரி அப்ப பாஃப்டாவையே நம்பிடலாமான்னா 2023 வந்து நிக்குது, அந்த வருஷம் நடிப்புப் பிரிவு நாலுலயும் பாஃப்டா தப்பு, நடிகர் சங்கம் நாலும் சரி. இதனாலதான் இந்த விளையாட்டு எனக்கு அலுக்கவே மாட்டேங்குது.

"இத்தனை வருஷமா ஏமாந்திருக்காரு, இந்தத் தடவையாவது கொடுத்துடுவாங்க"ன்னு ஒரு லாஜிக் வேற உங்க கட்டுரையில அடிக்கடி வருது. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸுக்கு 13 தடவை நாமினேஷன் வந்தும் கிடைக்கல, 14-வது தடவை 2018-லதான் கிடைச்சுது. அந்த லாஜிக்கை நம்பி ஒவ்வொரு வருஷமும் அவர் பேரை எழுதினவன் கதி என்ன ஆகியிருக்கும்?

டெக்னிக்கல் பிரிவுக்கு இன்னொரு சூட்சுமம் இருக்கு. நாமினேஷன் போடுறதுதான் அந்தந்தத் துறைக்காரங்க, இறுதி ஓட்டு மொத்த அகாடமியும் போடலாம். எடிட்டிங் விருதை எடிட்டருங்க மட்டும் தீர்மானிக்கிறதில்ல, நடிகருங்க, மேக்கப்காரங்க எல்லாரும் சேந்துதான். 2019-ல 'பொஹீமியன் ராப்சடி'க்கு எடிட்டிங் விருது வந்துச்சே, படத்துல வர்ற குயின் இசைக்குழு ஆளுங்க வெளிய ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து மேனேஜரோட பேசுற சீனை எடுத்துப் பாருங்க, ஒருத்தர் வாயைத் திறக்குறதுக்குள்ள கட், நாற்காலியில உக்காருறதுக்குள்ள கட், ஒண்ணுமே நடக்காத இடத்துல எதுக்கு இத்தனை கட்டுன்னு நெட் முழுக்க கிழிச்சாங்க.  கண்ணுல படுற அளவுக்கு எடிட்டிங் இருந்தா ஓட்டு விழும்னு வச்சுக்கலாம்.

நம்ம படங்க பத்தி எழுதுறப்ப நடக்குற கூத்தையும் சொல்லிடுறேன். 2021-ல 'சூரரைப் போற்று', 2022-ல 'ஜெய் பீம்', 2025-ல 'கங்குவா', மூணுக்கும் "ஆஸ்கர் ரேஸில்"னு செய்தி வந்துச்சு. அது போட்டியிட தகுதி இருக்குற படங்களோட பட்டியல், ஜெய் பீம் வந்த வருஷம் அதுல 276 படம் இருந்துச்சு. விதிப்படி ரிலீஸ் பண்ணி விண்ணப்பம் கொடுத்தா அதுல பேரு வந்துடும், அகாடமி ஆளுங்க அந்தப் படத்தைப் பாத்தாங்கன்னு கூட அர்த்தம் கிடையாது. 'கூழாங்கல்' மாதிரி இந்தியா அதிகாரப்பூர்வமா அனுப்புற படம் வேற வழியில போறது, நாமினேஷன் அதுக்கப்புறம் இருக்குற இன்னொரு கட்டம், எல்லாத்தையும் ஒரே தலைப்புல போட்டுக் குழப்பிட்டு அப்புறம் "கிடைக்கவில்லையே, ரசிகர்கள் ஏமாற்றம்"னு இன்னொரு செய்தி. இதுக்கு நேர் எதிரா 2023-ல 'நாட்டு நாட்டு' ஜெயிச்சப்ப யாரும் எதிர்பாக்காத வெற்றின்னு எழுதினாங்க. அந்தப் பாட்டு ஜனவரியிலயே கோல்டன் குளோப் வாங்கி, அடுத்து விமர்சகர்கள் கொடுக்குற கிரிட்டிக்ஸ் சாய்ஸும் வாங்கிட்டு, போட்டியில முன்னாடி நின்ன பாட்டு. எதிர்ல போட்டி போட்ட லேடி காகா, ரிஹானா பேரைப் பாத்துட்டு நம்ம ஆளுங்கதான் பயந்துட்டாங்க.

அதனால ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த கட்டுரையில "யாருக்குக் கிடைக்கணும்"னு ஒரு பத்தி, "யாருக்குக் கிடைக்கும்"னு ஒரு பத்தின்னு ரெண்டையும் பிரிச்சுப் போடுங்க. முதல் பத்தியில உங்க விமர்சகர் இஷ்டத்துக்கு சண்டை போடட்டும், நானே ரசிச்சுப் படிப்பேன். ரெண்டாவதுல சங்கம் என்ன சொல்லுச்சு, பாஃப்டா என்ன சொல்லுச்சு, எந்தப் படத்தை யாரும் வெறுக்கலன்னு காரணத்தோட எழுதட்டும், விழா முடிஞ்ச அடுத்த இதழ்லயே எத்தனை சரி எத்தனை தப்புன்னு மார்க்கும் போடணும். குறும்படப் பிரிவு மூணையும் இடம் இல்லைன்னு விட்டுடாதீங்க, நண்பர்களோட கணிப்புப் போட்டி வச்சா பாயின்ட் போறதே அந்த மூணுலதான். அதுலயும் இப்ப 2026 விழாவுல இருந்து ஒரு பிரிவுல இருக்குற எல்லாத்தையும் பாத்தவங்கதான் அந்தப் பிரிவுக்கு இறுதி ஓட்டு போட முடியும்னு அகாடமி விதி கொண்டு வந்திருக்கு, பேரைப் பாத்து டிக் அடிக்கிற ஓட்டு குறைஞ்சா அந்தச் சின்னப் பிரிவுகள்ல பழைய கணக்கு செல்லுமாங்கிறதையும் உங்க ஆளை விசாரிச்சு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்