பதினாலு வருஷம் ஒரே கேட், கணக்கில் மூன்று வருஷம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான சம்பளம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் சம்பளத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரகடம் பக்கம் ஒன்பது வருஷமாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பஸ் டிக்கெட், பான் கார்டு என்று எல்லா வேலையும் உண்டு. ஆனால் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பி.எஃப். எடுக்கணும்." அவர்களுடைய யு.ஏ.என். நம்பரை, அதாவது ஒரு ஆளுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய பி.எஃப். நம்பரைப் போட்டு, ஓ.டி.பி. வாங்கி, கணக்கைத் திறந்து பார்ப்பேன். அப்படித் திறக்கும்போது தினமும் என் கண்ணில் படுவது குறைந்த சம்பளம் மட்டும் இல்லை. இவர்கள் உழைத்த வருஷங்கள் கணக்கில் இல்லை.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். 2010-ல் 44 வயதில் சேர்ந்தார், 58 முடிந்ததும் 2024-ல் நின்றுவிட்டார். பதினாலு வருஷமும் அதே கேட், அதே ஷெட், அதே சூப்பர்வைசர்தான். இடையில் மாறியது யூனிஃபார்மின் நிறம், ஏனென்றால் கான்ட்ராக்டர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் ஆதார் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் வாங்கிக்கொண்டு "புதுசா சேருற மாதிரி எழுதிக்கோங்க" என்றார்களாம். பென்ஷன் வருமா என்று கேட்கத்தான் அவர் கடைக்கு வந்தார். திறந்து பார்த்தால் அவர் பெயரில் இரண்டு யு.ஏ.என். இருக்கிறது, கடைசிக் கணக்கில் இருப்பது மூன்று வருஷ சர்வீஸ், அதற்கு முந்தியதில் இன்னொரு மூன்று. முதல் எட்டு வருஷத்தின் பணத்தை, கான்ட்ராக்டர் மாறிய முதல் இரண்டு தடவையும் "பழைய கணக்கை முடிச்சிடுங்க" என்று சொன்னதால் மொத்தமாக எடுத்திருக்கிறார். ஒரு தடவை மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், இன்னொரு தடவை வீட்டுக்கு ஓடு மாற்றியது.

பி.எஃப். விவரம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 12 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். முதலாளி கட்டும் அந்தப் பன்னிரண்டிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் தனியாகப் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதுக்கு மேல் மாதாமாதம் பென்ஷன் கிடைக்கும். கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் வருவதுதான் அந்தப் பென்ஷன். பத்து வருஷம் ஆகாதவர்கள் 10சி படிவம் போட்டு அந்தப் பென்ஷன் பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த அன்றோடு அந்த வருஷங்கள் அழிந்துவிடும். அந்த அக்கா எடுத்தது அதைத்தான். பணத்தோடு சேர்ந்து எட்டு வருஷமும் போகிறது என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

சம்பளம் 12 ஆயிரம் என்று வைத்துக்கொண்டு அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினாலு வருஷமும் ஒரே சர்வீஸாக இருந்திருந்தால் மாதம் 2,400 ரூபாய் வரை பென்ஷன். பெரிய தொகை இல்லை, ஆனால் அவருக்கு அது மாத்திரைச் செலவும் சிலிண்டரும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் பணம், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் ஏறக்குறைய 97 ஆயிரம். அதற்கு 1972-ம் வருஷச் சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். எந்தக் கான்ட்ராக்டரும் நான்கு வருஷத்தைத் தாண்டவில்லை, அதனால் நான்கு பேரில் ஒருவரும் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நான் ஒரு நாள்கூட வேலையை விடலையே தம்பி, எப்படி மூணு தடவை விட்டதா எழுதுனாங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது அவர் ஒருவரின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கே நடந்தது. கடை போடுவதற்கு முன்னால் ஆறு வருஷம் நான் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தேன், மூன்று கான்ட்ராக்டர்கள். 2014 ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் படுத்துவிட்டேன். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் வைத்தியம் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன், அந்த டாக்டர் நன்றாகவே கவனித்தார். ஆனால் நோய்க்கால உதவித்தொகை என்று சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள் இல்லையா, அது கிடைக்கவில்லை. ஆறு மாதக் கட்டணக் காலத்தில், எனக்கு அது 2013 அக்டோபர் முதல் 2014 மார்ச் வரை, 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் கான்ட்ராக்டர் மாறினார், ஒரு மாதம் வேலை இல்லை, புதியவர் பழைய இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்காமல் புது நம்பர் போட்டுவிட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழைய நம்பரில் 71 நாள், பிப்ரவரி மார்ச்சில் புது நம்பரில் 48 நாள். கூட்டினால் 119. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் 78 இல்லை. நம்பர்களைச் சேர்க்க மனு எழுதிக்கொண்டு போனேன், பழைய கான்ட்ராக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அவர் ஆபீஸையே காலி செய்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆறு வாரத்துக்கு என் மனைவியின் தோடுதான் அடகுக் கடைக்குப் போனது. இப்போது கர்ப்பமாக இருக்கும் பெண்கள் கடைக்கு வந்து இ.எஸ்.ஐ. கணக்கைப் பார்க்கச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும், ஏனென்றால் 26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளத்துக்கும் இதே மாதிரி 70 நாள் கணக்கு ஒன்று இருக்கிறது, நடுவில் நம்பர் மாறியிருந்தால் அந்தப் பெண்ணும் நான் அலைந்த மாதிரியே அலைய வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே, கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது கம்பெனிக்காரர், தர வேண்டும் என்று இருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாமல் விட்டாலும் கடைசிப் பொறுப்பு அவருக்குத்தான். முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதும் விதிதான், ஆனால் இரண்டு பங்கையும் சேர்த்துப் பிடித்த சம்பளச் சீட்டுகளை என் கையாலேயே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். சரி, அது தனிக் கதை. நான் சொல்ல வருவது இதுதான்: பணத்துக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கிய சட்டம், உழைத்த வருஷங்களுக்கு யாரையும் பொறுப்பாக்கவில்லை. இந்தத் தொழிலாளி என் கேட்டுக்குள் முதலில் என்று வந்தார், எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று கம்பெனி சொல்ல வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் சொல்ல வேண்டும், அவரோ மூன்று வருஷத்தில் காணாமல் போய்விடுகிறார்.

நம் மாநிலத்தில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது, எல்லோரும் "480 நாள் சட்டம்" என்பார்கள். ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. அதைக் கேட்டு வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் 480 நாளை நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? வேலையில் சேர்ந்ததும் வேலை அட்டை, விலகும்போது சேவைச் சான்று என்று ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலேயே எழுதியிருந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் அந்தச் சான்றை எடுத்துவந்து என்னிடம் ஒருவர்கூடக் காட்டியதில்லை. கேட் பாஸ் ஒன்றுதான் ஆதாரம், அதையும் கடைசி நாளில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். அவரும் இன்னொரு ஏஜென்சியின் கான்ட்ராக்ட் ஆள்தான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம் என்கிறார்கள், மிகவும் நல்லது. குறித்த காலத்துக்கு நேரடியாக எடுக்கப்படுகிறவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்கிறார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர் கான்ட்ராக்டரின் ஆள், அவருக்கு அது எப்படி வந்து சேரும் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது, இப்போது 50 பேர் வேண்டும். இந்தப் பக்கம் முப்பது பேர், நாற்பது பேர் வைத்து ஆள் அனுப்பும் சின்னக் கான்ட்ராக்டர்கள்தான் நிறைய. அவர்களிடம் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

கான்ட்ராக்டர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் கடைக்கே வந்து மாதாமாதம் பி.எஃப். பணம் கட்டச் சலான் போடும் ஒருவர் இருக்கிறார். கம்பெனியிலிருந்து பில் பாஸாகி வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை வட்டிக்கு வாங்கி ஆட்களுக்குச் சம்பளம் போடுவார். அவருடைய கான்ட்ராக்டையும் மூன்றாவது வருஷம் மாற்றிவிட்டார்கள். அவர் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த திங்கட்கிழமை வேறு நிற யூனிஃபார்மில் அதே இடத்தில் நின்றார்கள்.

சென்னையில் 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்ததை உங்கள் பத்திரிகையும் எழுதியது. தங்கள் வேலை தனியாருக்குப் போனால் சம்பளம் குறையும் என்பதுதான் பெரிதாகப் பேசப்பட்டது, அது நியாயமான பயம்தான். ஆனால் அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது, இவ்வளவு வருஷம் மாநகராட்சிக் குப்பையை அள்ளியவர் நாளைக்கு ஒரு தனியார் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவாரே என்றுதான். தெரு அதே தெரு, துடைப்பம் பிடித்த கையும் அதே கை, ஆனால் சர்வீஸ் முதல் நாளிலிருந்து தொடங்கும். அவர்கள் அந்த மழையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாகவே புரிந்தது.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு அரசு அலுவலகமும், தன் வளாகத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரைத் தன் பதிவேட்டிலேயே வைக்க வேண்டும், முதலில் உள்ளே வந்த தேதியோடு. கான்ட்ராக்டர் மாறினாலும் அந்தத் தேதி மாறக் கூடாது. கிராஜுவிட்டிக்கும் விடுப்புக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். புதுக் கான்ட்ராக்டர் பழைய யு.ஏ.என்., பழைய இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்காமல் புது நம்பர் போட்டால் அவருடைய பில்லை நிறுத்த வேண்டும். ஆதார் இணைக்காமல் இன்று எதுவும் நடப்பதில்லை, ஒரு ஆளுக்கு இரண்டு நம்பர் வராமல் தடுப்பது அவ்வளவு கஷ்டமான வேலையா? புதுச் சட்டத்தின்படி கொடுக்கப்போகிற நியமனக் கடிதத்தில் கான்ட்ராக்டர் பெயருக்குக் கீழே வேலை பார்க்கும் இடத்தின் பெயரையும் முதல் நாளையும் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரைக்கும் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருப்பதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன், முடிந்தால் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கான்ட்ராக்டர் மாறினால் பழைய யு.ஏ.என். நம்பரைத்தான் கொடுங்கள், எழுதிக்கொண்டார்களா என்று கண்ணால் பாருங்கள். பழைய கான்ட்ராக்டர் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே போடலாம், அதற்காக அவர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு சேர்க்கச் சொல்லுங்கள், மூடச் சொல்லாதீர்கள். அவசரத்துக்குப் பணம் எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் பென்ஷன் பகுதியை மட்டும் தொடாதீர்கள். அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம், அது இருந்தால் பழைய வருஷங்கள் பத்திரமாக இருக்கும், அடுத்த வேலையில் சேர்ந்துகொள்ளும். சம்பளச் சீட்டையும் கேட் பாஸையும் மாதத்துக்கு ஒரு தடவை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

அந்த அக்காவின் இரண்டு நம்பரையும் ஒன்றாக்க மனு போட்டிருக்கிறோம். ஆறு வருஷம் தேறும், பத்து ஆகாது. பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போகிறார், அங்கேயும் ஒரு கான்ட்ராக்டர் மூலமாகத்தான்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
ஒரகடம்.