67 சென்டிமீட்டர் நூல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நேற்றிரவு நீ இருந்த மனநிலையில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்றுதான் சொல்லியிருப்பாய். எழுதி அனுப்பினால் இரண்டு தடவையாவது படிப்பாய். கவருக்குள் ஒரு நூல் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே, அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

உன் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப்) படிப்பில், கண்ணுக்குள் வெளிச்சம் வீசிப் பவரைக் கண்டுபிடிக்கிற ரெட்டினோஸ்கோப்பி செய்முறைத் தேர்வில் தேறவில்லை என்றாய். கூடப் படிக்கிறவர்கள் சில நிமிடங்களில் பவரைச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு மட்டும் கண்பாவைக்குள் ஏதோ சிவப்பாகக் கலங்கித் தெரிகிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்றே பிடிபடவில்லை என்றாய். கண்ணாடிக்குப் பவர் பார்க்க நாலு வருஷப் படிப்பா, அதற்குத்தான் மெஷின் வந்துவிட்டதே என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டதையும் சொன்னாய். கடைசியில், வேறு படிப்புக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டாய்.

நான் உடனே பதில் சொல்லாததை நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. இந்தப் படிப்பில் மனம் ஒட்டவில்லை என்று நீ சொல்லியிருந்தால், மாறிக்கொள் என்று அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். கை வரவில்லை என்கிறாய். அதுவும் எந்தக் கருவி கை வரவில்லை என்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பேச்சு வரவில்லை.

என் இடது கண் சோம்பேறிக் கண் என்று உனக்குத் தெரியும். அது தெரியவந்த கதையை நான் முழுதாகச் சொன்னதில்லை.

சின்ன வயதில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும். பந்தைப் பிடிக்கக் கையை நீட்டினால் அது முகத்தில் வந்து அடிக்கும். ஊசியில் நூல் கோக்க மற்றவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். கவனமே இல்லாத பெண் என்று பெயர் வாங்கினேன், நானும் அதை நம்பினேன். பள்ளியில் ஒரு முறை கண் பரிசோதனை நடந்தது. வரிசையில் நிற்க வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு கடைசி வரி வரை படித்தேன். நல்ல பார்வை என்று அனுப்பிவிட்டார்கள். படித்ததெல்லாம் வலது கண். ஒரு கையளவு அட்டையை வைத்து அந்தக் கண்ணை யாராவது மறைத்திருந்தால் போதும், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

26 வயதில், வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் முதன்முதலாக ஒருவர் என் வலது கண்ணை மூடினார். "பலகையைக் கழற்றிவிட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். இந்தக் கண்ணில் சின்ன வயதிலிருந்தே பவர் அதிகம், அப்போதே கண்ணாடி போட்டிருக்க வேண்டும், இனிமேல் போட்டுப் பெரிய பலன் இல்லை என்றார். இரண்டு நிமிடம்தான். ஏன் பலன் இல்லை, அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விளக்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த அறையில் வாங்கிய சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த 'ஏன்' எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? நீ வீட்டில் விட்டுப்போன நோட்டுகளில். நீ போன பிறகு மேசையைத் துடைக்கப்போய் ஒன்றைப் புரட்டினேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஹியூபல், வீசல் என்று இரண்டு பேர், பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்துப் பார்த்ததை எழுதியிருந்தாய். பிறகு இமையைத் திறந்துவிட்டாலும், கண் நன்றாக இருந்தும், மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. மூளையில் அதற்கான இடத்தை மற்ற கண் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி. என் கண் சோம்பேறி இல்லை. அது அனுப்பிய படம் எப்போதும் மங்கலாகவே இருந்ததால், என் மூளை அதை வாங்க மறுத்துவிட்டது. நான் கவனமில்லாத பெண்ணும் இல்லை. ஆழத்தைச் சரியாகக் கணிக்க இரண்டு கண்ணின் படமும் வேண்டும், எனக்கு ஒன்றுதான் இருந்தது.

ஏழு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைத்தால் பலன் அதிகம் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகும் சிலருக்கு ஓரளவு தேறும் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். அந்த அடிக்கோடு எனக்காகப் போட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது. ஒரு கண் மங்கல் என்று சொல்லவும் தெரியாது, ஏனென்றால் மங்கல் இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒரு கோடு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் வீசி, உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி கூடவே நகர்கிறதா எதிரே நகர்கிறதா என்று பார்த்து, லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, நகர்வே இல்லாமல் கண்பாவை முழுக்க நிறைகிற இடத்தில் பவரைச் சொல்லிவிடலாம். அதுதானே ரெட்டினோஸ்கோப்பி? நீ கை வரவில்லை என்று சொன்னது அதுதானே? எனக்கு மூன்று வயதில் யாரோ ஒருவர் அந்தக் கருவியோடு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. இன்னொரு குழந்தைக்கு எதிரே நீ உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

மெஷின் இருக்கிறதே என்று கேட்டவருக்கு நீயே பதில் சொல்லலாம், உன் நோட்டிலேயே இருக்கிறது. வழக்கமான மெஷினில் தாடையை வைத்து ஆடாமல் பார்க்க வேண்டும். கைக்குழந்தை வைக்குமா? படுக்கையில் கிடக்கிற முதியவர் வைப்பாரா? சின்னப் பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை இறுக்கிக்கொள்வார்கள், மெஷின் ஏமாந்துபோகும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, அப்படி இறுக்குகிற தசையை ஓய வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம், கத்தரிக்கோல் மாதிரி ஒளி இரண்டாகப் பிரிந்து அசைந்தால் கருவிழி கூம்பிக்கொண்டு வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், ஒளி மங்கி இருந்தால் புரையை நினைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மெஷின் எண்ணைத் தரும். அந்தச் சந்தேகம் பார்க்கிற ஆளுக்குத்தான் வர வேண்டும்.

கண்ணாடிக்கு நாலு வருஷமா என்ற கேள்விக்கும் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. புத்தகம் படிக்க எழுத்து தெரியவில்லை, பவர் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் வருவார். பலகையில் 6/6 வரி, அதாவது நல்ல பார்வைக்கான வரி வரை படிப்பார். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் கண் அழுத்த நோய் அவருடைய பக்கவாட்டுப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். கண் நரம்பு தொடங்குகிற வட்டத்தின் நடுப்பள்ளம் அகன்றிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நேரே கண் மருத்துவரிடம் அனுப்புகிறவர் அந்த நாற்காலிக்கு எதிரே இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் கசிகிற ரத்தமும் அப்படித்தான், ஆரம்பத்தில் அவருக்கு எதுவும் தெரியாது. திடீரென்று மின்னல் மாதிரி தெரிகிறது, ஒரு பக்கம் திரை விழுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கு வா என்று சொல்லக் கூடாது, விழித்திரை பிய்ந்துகொண்டிருக்கலாம். நீ அறுவை சிகிச்சை செய்யப் போவதில்லை. யாரை, எவ்வளவு சீக்கிரம், எங்கே அனுப்புவது என்று அறிந்திருக்கப் போகிறாய். அதற்கு ஒளியியல் மட்டும் போதாது. உடற்கூறும் மருந்தும் நோயும் ஏன் படிக்க வைக்கிறார்கள் என்று நீ அலுத்துக்கொள்வாயே, அது இதற்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கையில், குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு, அதில் குறைந்தது 100 கோடிப் பேருக்கு அதைத் தடுத்திருக்கலாம் அல்லது இன்னும் சிகிச்சை கிடைக்கவில்லை என்று இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் நீயே பெரிதாக எழுதி வைத்தது. சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன், கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கிறது.

இப்போது நூல். நீ பேசியதில் இரண்டு விஷயத்தைக் கவனித்தேன். ஒன்று, லென்ஸ் மாற்றும்போது என்னை அறியாமல் நோயாளி பக்கம் சாய்ந்துவிடுகிறேன் என்று ஆசிரியர் குறித்திருந்தார் என்றாய். 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால், அந்தத் தூரத்துக்காகக் கிடைத்த பவரிலிருந்து 1.50 டயாப்டர் கழிக்க வேண்டும், 50 சென்டிமீட்டர் என்றால் 2.00. நீ சாய்ந்து 50க்கு வந்துவிட்டு 1.50ஐயே கழித்தால் அரை டயாப்டர் தவறிப்போகும். பார்த்தது சரியாக இருந்தும் விடை தப்பும். அதனால் என் இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, ஒரு நூலின் ஒரு முனையிலிருந்து 67இல் ஒரு முடிச்சு, 50இல் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். நோயாளிக்கு லென்ஸ் மாற்றிப் பார்க்கப் போடுகிற ட்ரையல் ஃப்ரேமில் அந்த முனையைக் கட்டி, 67 முடிச்சைக் கருவியோடு சேர்த்துப் பிடித்துக்கொள். நூல் தொய்ந்தால் சாய்கிறாய் என்று அர்த்தம்.

இன்னொன்று, வலது கண் பார்க்கும்போது பரவாயில்லை, இடது கண்ணில்தான் சொதப்புகிறது என்றாய். நோயாளியின் இடது கண்ணை உன் இடது கண்ணால், இடது கையில் கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டும் இல்லையா? நீ எல்லாவற்றையும் வலது கையால் செய்கிறவன். வலது கண்ணாலேயே எட்டிப் பார்த்தால் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடுவாய், ஒரு திசைக்கு மட்டும் போடுகிற சிலிண்டர் பவர் இல்லாத கண்ணிலும் இருப்பதாகத் தெரியும். பயிற்சிக்கு வைத்திருக்கிற மாதிரிக் கண்ணில் ஒரு வாரம் இடது கையை மட்டும் பழக்கு. தையலில் எனக்கும் இடது கை படிய மாதக்கணக்கில் ஆயிற்று. கைக்கு அறிவு ஏற நாள் பிடிக்கும். அதைப் புத்திக் குறை என்று நினைத்துவிடாதே.

ஒரு விஷயம் உன் ஆசிரியர்கள் சொல்லியிருக்கலாம், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கும்போது எங்களுக்குப் பயமாக இருக்கும். பரீட்சை மாதிரி. தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடுமோ என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவோம். தப்பான பதில் என்று ஒன்று கிடையாது, இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அதையும் சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. வேண்டுமானால் இன்னொரு தடவை காட்டுகிறேன் என்றும் சொல். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளரைப் பற்றி ஒரு பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தாய். அவர், படிக்கும்போது தன் இடது கண் வேலையே செய்வதில்லை என்று தானே கவனித்தாராம். அட்டையில் ஊசித்துளை போட்டு, அந்தப் புள்ளி எந்தத் தூரத்தில் எந்தத் திசையில் கோடாகத் தெரிகிறது என்று அளந்து, 1825இல் தன் கண்ணுக்கென்றே சிலிண்டர் லென்ஸ் செய்ய வைத்துப் போட்டுக்கொண்டாராம். அவருக்கும் இடது கண்! படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விடுமுறைக்கு வரும்போது கருவியையும் லென்ஸ் பெட்டியையும் இரண்டு நாள் வாங்கி வர முடியுமா என்று கேட்டுப் பார். மதியத்தில் அறையை இருட்டாக்கி வைக்கிறேன். வலது கண்ணால் தூரத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன். நீ இடது கையில் பிடித்துப் பார். அந்தப் பழைய சீட்டில் இருக்கிற எண்ணை நான் இப்போது சொல்ல மாட்டேன், கேட்காதே. நீ பார்த்து எழுதி முடித்த பிறகு பீரோவிலிருந்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா