பேய்ப்படம் எடுக்கிற எங்கட தம்பி தங்கச்சிமாருக்கு

அன்பான பிள்ளையள்,

கமராவோட பழைய வீடு தேடித் திரியிறியள் எண்டு கேள்விப்பட்டன், சரியான சந்தோசம். சின்ன வயசில இருந்தே பேய்ப்படம் எண்டா விடாமப் பாக்கிற ஆள் நான், அதால மனசில கிடக்கிறதை எழுதாம இருக்க ஏலாம இருக்கு.

யாழ்ப்பாணத்தில எடுக்கிற படத்திலயும் ஏன் பிள்ளையள் இன்னும் அந்த வெள்ளைச் சீலை, விரிச்ச தலைமயிர், கொலுசுச் சத்தம்? 1963இல ரொபேர்ட் வைஸ் எடுத்த தி ஹோண்டிங் எண்ட கறுப்பு வெள்ளைப் படம், ஒரு பழைய மாளிகையில நாலு பேர் போய்த் தங்கிற கதை, அதில கடைசி மட்டும் பேயைக் கண்ணில காட்டவே இல்லை. சுவருக்கு அங்கால இடிக்கிற சத்தம், பூட்டின கதவு உள்ளுக்கு வீங்கி வாறது, அவ்வளவுதான். அண்டைக்கு நான் லைட்டை நூக்காமத்தான் படுத்தனான்.

எங்களிட்ட இல்லாத சத்தமே? நாற்சார் வீட்டில சாமத்தில ஓட்டுக்கு மேல மரநாய் ஓடினா ஆரோ நடந்து திரியிற மாதிரியே கேக்கும். நடு முத்தத்தில மழை கொட்டேக்க நாலு பக்கத் தாழ்வாரத்தாலயும் தண்ணி விழும், அதுக்குள்ள ஆரும் கூப்பிட்டா எந்த அறையில இருந்து எண்டு பிடிபடாது. கிணத்தடியில காத்துக்குத் தண்ணி அள்ளுற துலா கிறீச்சிடும். தொண்ணூறுகளில கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கிலதான் படிச்சனாங்கள், அந்த வெளிச்சத்தில அம்மம்மான்ர நிழல் சுவரால ஏறி முகடு மட்டும் போகும். அதை எடுங்கோ!

இனி நான் சொல்ல வந்த விசயம். இஞ்ச கன வீடுகள் பாழாக் கிடக்கிறதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். யுத்தத்தால 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரும் சுத்துப்பட்டு ஊருகளும் சேர்ந்த வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு வந்தவ. அடுத்த வருசம் திரும்பிப் போகேக்க திறப்பு இருந்தது, கதவு நிலையோட இல்லை. சாமியறைச் சுவரில விளக்குக் கரி மட்டும் அப்பிடியே கிடந்தது. அந்தத் திறப்பை அவ சாகும் மட்டும் வச்சிருந்தவ. அப்பிடியான ஒரு வீட்டைக் காட்டிப் பேய் பங்களா எண்டு தலைப்புப் போடேக்க எனக்கு நெஞ்சு நோகுது. பேய் வரட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்ல, ஆனா அது ஆர், ஏன் போகாம நிக்குது, ஆர் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்குது எண்டதை முதல்ல எழுதிப்போட்டுக் கமராவைத் தூக்குங்கோ.

சொந்தக்காரர் கனடாவில இருந்தாலும் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ. பழைய சுண்ணாம்புச் சுவரில ஆணி அடிக்காதேங்கோ. நல்லூர் மந்திரிமனை எண்ட பழைய கட்டடம் தொல்பொருள் திணைக்களத்தின்ர பாதுகாப்பில இருக்கிற இடம், அனுமதி இல்லாம உள்ள ஏறிப் போகாதேங்கோ.

படம் முடிஞ்ச உடன சொல்லுங்கோ, முன் வரிசையில வந்து இருப்பன். இரவில போடுங்கோ.

அன்போட,
கோண்டாவிலில இருந்து ஒரு அக்கா