இருபது வினாடி அசையாமல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே நலம்தானே. எனக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, மழை ஒருவழியாக நின்றது, சோடாபுட்டி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை உனக்கும் வரும். வராவிட்டால் என்னிடம் சண்டைக்கு வராதே. ஊர்ச் செய்தி முடிந்தது.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். போனில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பாய். சொன்னால், என் போனை வைத்த கையோடு அடுத்த போனை யாருக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். விஷயம் பின்னால் வருகிறது. கணக்குப் புத்தகத்தில் விடையை முதலில் புரட்டிப் பார்க்கிற புத்தி உனக்கு இன்னும் போயிருக்காது, ஆனாலும் வரிசையாகப் படி. வரிசையாகப் படித்தால்தான் நான் ஏன் இதை உறுதியாகச் சொல்கிறேன் என்று புரியும்.

பெரியவன் பெங்களூருக்குப் போகும்போது காலேஜில் வாங்கிய நிக்கான் கேமராவை அலமாரியில் போட்டுவிட்டுப் போனான். கூடவே வந்த 18–55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். ரிட்டயர் ஆனவன் ஏழு மணிக்கு மேல் சீரியலுக்குத் தப்பிக்க என்ன செய்வான்? அதைத் தூக்கிக்கொண்டு கடனாநதிக் கரைக்குப் போய்விட்டேன். ஷட்டரைக் கண் சிமிட்டும் நேரத்துக்குத் திறக்காமல் இருபது வினாடி, முப்பது வினாடி திறந்தே வைத்தால், நம் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் படத்தில் விழும். ஒரு வரியில் எழுதிவிட்டேன். கற்றுக்கொள்ள கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் போயின.

முதல் நாள் நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் வந்து கம்ப்யூட்டரில் போட்டால், வானம் முழுக்கப் போண்டா. நட்சத்திரம் ஒன்றுகூடப் புள்ளியாக இல்லை. இருட்டில் கேமராவுக்குத் தானாக ஃபோகஸ் பிடிக்கத் தெரியாது, நாம்தான் லென்ஸைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கடைசிவரை திருப்பிவிட்டால் தூரத்துக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த லென்ஸ் கடைசியையும் தாண்டித் திரும்புகிறது. பின்னால் இருக்கிற திரையில் ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது ஊசிமுனையாகும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டுமாம். இப்போது அப்படிப் பிடித்துவிட்டு, மெடிக்கலில் வாங்கிய பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டிவிடுகிறேன்.

அடுத்தது ஆட்டம். பட்டனை விரலால் அழுத்தினாலே கேமரா ஆடும், அதனால் இரண்டு வினாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். சரி, வைத்தேன். அப்புறமும் லேசாக ஆடியது. காரணம், லென்ஸுக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமாளிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்தபின் அதை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் ஆட்டமே இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தேடித் தேடி, அதுவே ஆட்டிவிடும். நம் ஒட்டடைப் பயலை ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது மாதிரி. ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது, ஆற்று மணலில் ஒரு கால் மட்டும் புதையும். இப்போது நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டு இரண்டு கூழாங்கல் போட்டுவைக்கிறேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறது. தை மாதத்துப் பனி வேறு. பத்து மணிக்கு மேல் லென்ஸில் வேர்த்துவிடுகிறது. மூன்று நாள் படம் அப்படியே புகைமூட்டமாகப் போயிற்று.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஒவ்வொரு தப்புக்கும் படத்தில் தனித்தனி முகம் உண்டு. ஃபோகஸ் தப்பினால் எல்லாமே ஊதிப்போகும். ஸ்டாண்டு ஆடினால் மரம், சுவர், வானம் எல்லாம் ஒரே பக்கம் இழுபடும். பனி படர்ந்தால் விளக்கைச் சுற்றி வட்டம் கட்டும். இரண்டு மாதத்தில் படத்தைப் பார்த்ததுமே இது இன்ன தப்பு என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

தப்பு இல்லாமல் எடுக்க ஒரு கணக்கும் உண்டு, உனக்குப் பிடிக்கும். ஐந்நூறை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், எத்தனை வினாடிவரை நட்சத்திரம் இழுபடாமல் புள்ளியாக இருக்கும் என்று வரும். என் கேமராவில் படம் விழுகிற சென்சார் சிறியது என்பதால் 18ஐ ஒன்றரையால் பெருக்கி 27. ஐந்நூறை 27ஆல் வகுத்தால் பதினெட்டரை. பதினெட்டு வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவது படத்தில் தெரிந்துவிடும். எனக்கு இது இன்னும் நம்ப முடியாத விஷயம்தான். பதினெட்டு வினாடியில் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்து முடிக்க முடியாது, அதற்குள் பூமி நகர்ந்தது தெரிகிறது என்கிறேன்.

அப்புறம் வேண்டுமென்றே அது தெரியும்படி எடுக்கப் போனேன். முப்பது முப்பது வினாடியாக நூற்றிருபது படம், மொத்தம் ஒரு மணி நேரம், பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் 15 டிகிரி வில்லாக வளைய வேண்டும். வந்தது கோலப்புள்ளி மாதிரி விட்டு விட்டு ஒரு கோடு. ஒவ்வொரு படம் எடுத்தபின்னும் கேமரா மூடியபடியே இன்னொரு முப்பது வினாடி இருட்டை எடுத்து, சென்சாரில் தானாக விழுகிற பொய்ப் புள்ளிகளைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் பாதி வானம் போச்சு. மறுநாள் அந்த வசதியை அணைத்துவிட்டு எடுத்தேன், கோடு வந்துவிட்டது. ஆனால் வட்டம்தான் நான் நினைத்த மாதிரி இல்லை. வெளிநாட்டுப் படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி முழு வட்டம் வட்டமாகப் போகும், பார்த்திருப்பாய். துருவ நட்சத்திரம் நாம் இருக்கும் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில்தான் நிற்கும். இங்கே ஏறத்தாழ 9. கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கிப் பார், அதைவிடவும் கொஞ்சம் கம்மி. நம்மூரில் அது பனைமரத்துக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. உன் புனேயில் 18, இரண்டு மடங்கு. புனேக்குப் போய் நீ கண்ட ஒரே லாபம் இதுதான்.

அதற்குப் பதிலாக நமக்குத் தெற்கு இருக்கிறது. அகத்திய நட்சத்திரம் இந்த மாதம் சாயங்காலமே நன்றாக ஏறி நிற்கிறது. ராத்திரி போகப் போக பொதிகைப் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. இவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் இதைப் பார்த்ததில்லை, வெட்கமாக இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் வடகிழக்கில் சப்தரிஷி ஏறியபோது அருந்ததியையும் எடுத்தேன். லென்ஸை 55க்கு இழுத்து ஆறே வினாடி. வசிஷ்டர் பக்கத்தில் சின்னதாக, தனியாக, தெளிவாக இருக்கிறது. தங்கச்சியிடம் சொல். உங்கள் கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் மண்டபத்து ஃபேனைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்றபோது, தெரிகிறது என்று நீ தலையாட்டினாயே, அந்தப் பொய்க்கு இப்போது அத்தாட்சி அனுப்புகிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா, அசைகிறவை காணாமல் போவதுதான். தென்காசி ரோட்டில் நின்று எடுத்தால் கடைசி பஸ் படத்தில் இருக்காது, அது போன வழியில் இரண்டு சிவப்புக் கோடு மட்டும் இருக்கும். நானே ஒருநாள் கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடந்து போனேன், படத்தில் நான் இல்லை. தாகேர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1838இல் பாரிஸில் ஒரு தெருவை மாடியிலிருந்து எடுத்தார். அந்தக் காலத்தில் நிமிஷக்கணக்கில் திறந்து வைத்தால்தான் படம் விழும். வண்டியும் ஜனமுமாக இருந்திருக்க வேண்டிய தெரு, படத்தில் வெறிச்சென்று கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார், காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவர். அசையாமல் நின்றதால் விழுந்துவிட்டார். எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில் உனக்கு இரண்டு மூக்கு வந்ததும் இதே கணக்குதான். சார் அடித்தது நியாயம்.

சரி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு ராத்திரி உங்கள் தெருவில் நின்று வீட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடு, திண்ணை, அத்தை வைத்த பவழமல்லி, தூரத்துத் தெருவிளக்கு வெளிச்சம் மட்டும். கதவைத் திறந்துகொண்டு உன் அப்பா வந்தார். "என்னடே, திருடனா, ஆபீசரா?" என்று மாமா கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "என்னையும் எடு, இருபது வினாடி என்ன, போஸ்ட் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் அசையாம உக்காந்தவன்" என்று சொல்லித் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் வினாடியை எண்ணினேன். மூச்சுவிடக்கூட யோசித்தார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தூண் சுத்தம். முகம் அருமையாக விழுந்திருக்கிறது, மூக்குக் கண்ணாடியில் தெருவிளக்குக்கூடத் தெரிகிறது. இடது கையில் நரம்பு தெரிகிறது. வலது கை இல்லை. மடியில் ஒரு பிடி பஞ்சு வைத்தது மாதிரி ஒரு வெண்மை, அவ்வளவுதான்.

என் தப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை தப்பு செய்தவன் நான். ஆனால் ஸ்டாண்டு ஆடியிருந்தால் தூணும் ஆடியிருக்கும். ஃபோகஸ் போயிருந்தால் இடது கையும் போயிருக்கும். மறுநாள் ஏதோ சாக்குச் சொல்லிப் போய் இன்னும் மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் அந்தக் கை மட்டும் இல்லை. அதன்பிறகு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். தம்ளரை எடுக்கும்போது நடுங்குவதில்லை, கதவைத் தாழ்ப்போடும்போது இல்லை. சும்மா மடியில் கிடக்கும்போதுதான், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. அதனால்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொள்கிறார், அது வேறு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உனக்கு முகம் மட்டும்தானே தெரியும்.

இன்னொன்று. அடுப்பங்கரைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவாரே, அதைப் புரட்டிப் பார்த்தேன். புரட்டாசித் தாளில் அவருடைய அச்சு மாதிரியான எழுத்து. தைத் தாளில் ஒவ்வொரு வரியும் சரியாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பாகிவிட்டிருக்கிறது. நம் எல்லோருடைய எழுத்தையும் கோழிக் கிறுக்கல் என்று சொன்ன மனுஷன்.

நேரடியாகக் கேட்டேன். குளிர் என்றார். அப்புறம், "அவன்கிட்ட சொல்லிராத, லீவு போட்டுட்டு ஓடி வந்துருவான், அவனுக்கு ஆபீஸ்ல ஏற்கெனவே ஆயிரம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதனால்தான் மூன்று வாரம். என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டரும் இல்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் ஒருதடவை காட்ட வேண்டும், அதற்கு நான் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். நீ கூப்பிட்டால் வருவார்.

சிவராத்திரிக்கு வா. கோயிலுக்கு வருகிறேன் என்று சொல், எதற்கு என்று கேட்க மாட்டார். வருஷக்கணக்காக வரவில்லை என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவருக்குப் போன் போடாதே. எனக்குப் போடு. ஏசுவதென்றாலும் எனக்கே போடு. மூன்று வாரம் மறைத்ததற்கு ஏச உனக்கு உரிமை உண்டு. சிவராத்திரிக்கு நிலாவும் இருக்காது, ராத்திரி முழுக்க விழித்திருக்கத்தான் வேண்டும், உன்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ஸ்டாண்டு பிடிக்க விடுகிறேன்.

தங்கச்சிக்கு மெதுவாகச் சொல். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன்,
நெட்டை

பி.கு.: மாமா பார்க்கிறபோதெல்லாம் படத்தைக் கேட்கிறார். கழுவக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கேமராவில் கழுவ என்ன இருக்கிறது என்று இதுவரை அவருக்குத் தோன்றவில்லை.