எட்டு மதிப்பெண் முக்கோணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், பள்ளிகளில் கணக்கு கெட்டுப்போனதற்குச் செயல்வழிக் கற்றலே (பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து படிக்கும் முறை) காரணம் என்றும், வாய்ப்பாட்டையும் சூத்திரத்தையும் பழையபடி உருப்போட வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதியிருந்தார். ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளி ஒன்றிலும் பிறகு சேலம் நகரிலும் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளை வகுத்தலில் படும் பாட்டைப் பார்த்த எவரும் அதற்கு எதிராகப் பேசமாட்டார். ஆனால் மனப்பாடம் குறைந்துவிட்டது என்கிறாரே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்தாம் வகுப்பில், கையால் செய்து பார்ப்பதற்கென்றே வைத்த பகுதியையும் நாம் மனப்பாடம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள் வரும்: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இந்தப் பதினாறையும் ஆசிரியர்கள் 'கைக்குள் இருக்கும் மதிப்பெண்' என்பார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மாலை வகுப்பில் முதலில் சொல்லித் தருவதும் இதைத்தான். அதில் ஒரு வகை வினாவைச் சொல்கிறேன். அடிப்பக்கம் பிகியூ 8 செ.மீ., எதிரே உள்ள கோணம் ஆர் 60 பாகை, ஆரிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரும் நடுக்கோடு 5.8 செ.மீ.; முக்கோணம் வரைக. பிள்ளை உதவிப்படம் போடும். பியில் கீழ்நோக்கி 60 பாகை அளந்து ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இந்தக் கடைசி இரண்டும் வெட்டும் புள்ளியை மையமாக வைத்து பி, கியூ வழியாக ஒரு வட்டம், அடிப்பக்கத்தின் நடுப்புள்ளி ஜியில் கவராயத்தை ஊன்றி 5.8-க்கு ஒரு வில். வட்டத்தை வில் வெட்டும் இடம் ஆர். வரைமுறையை எழுதி முடித்தால் எட்டும் கிடைத்துவிடும்.

இப்போது நடுக்கோட்டை 7.5 செ.மீ. என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நான் பல வகுப்புகளில் கொடுத்திருக்கிறேன். வில் வட்டத்தைத் தொடாமல் மேலே போய்விடும். பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? பக்கத்தில் இருப்பவனின் தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கவராயத்தின் காலைச் சத்தமில்லாமல் சுருக்கி, வட்டத்தில் எங்காவது வெட்ட வைத்து, 'ஆர்ஜி = 7.5 செ.மீ.' என்று அழகாக எழுதிவிடுவார்கள். படம் சுத்தமாக இருக்கும், அடிக்கோடு சிவப்பு மையில் இருக்கும், ஆனால் அப்படி ஒரு முக்கோணம் உலகத்தில் கிடையாது. 8 செ.மீ. அடிப்பக்கத்துக்கும் 60 பாகைக்கும் நடுக்கோடு 4 செ.மீட்டரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏறத்தாழ 6.93 செ.மீட்டரைத் தாண்டவும் கூடாது. நான்கில் வில் போய் அடிப்பக்கத்தின் முனையிலேயே விழுந்து முக்கோணம் படுத்துவிடும். 6.93-இல் நிற்பது சமபக்க முக்கோணம். யூக்ளிட் தம் முதல் நூலின் முதல் கூற்றிலேயே இரண்டு வட்டங்களை வரைந்து எழுப்பிக் காட்டுவாரே, அதுவேதான். 'சார், வெட்டவே மாட்டேங்குது' என்று எழுந்து நின்று சொல்லும் ஒரு பிள்ளைதான் அன்று கணக்கு படித்த பிள்ளை. மற்றவர்கள் படம் வரைந்தார்கள், அவ்வளவே.

இதை வெறும் வகுப்பறைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. 'உண்டு' என்று எப்போது சொல்லலாம் என்பது கணிதத்திலேயே பெரிய வழக்கு. 1907-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வேடு எழுதிய டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர், ஒன்று உண்டு என்றால் அதை ஆக்கிக் காட்ட வேண்டும் என்று வாதாடினார். ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு விகிதமுறா எண்களில் (முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதவை) ஒன்றை மற்றதன் அடுக்காக்கினால் விகிதமுறு எண் கிடைக்குமா? கிடைக்கும் என்பதற்கு இரண்டே வரியில் நிரூபணம் உண்டு. ரூட் 2-ஐ ரூட் 2 அடுக்குக்கு உயர்த்துங்கள். வந்தது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால், வந்ததை மறுபடி ரூட் 2 அடுக்குக்கு உயர்த்துங்கள், விடை 2. எப்படியும் ஒரு சோடி உண்டு. ஆனால் எந்தச் சோடி? அதை இந்த நிரூபணம் சொல்லவில்லை. பிரௌவர் வழி வந்தவர்கள் இதை நிரூபணம் என்றே ஏற்கமாட்டார்கள். அப்படிப் பிடிவாதம் பிடித்தால் கணிதத்தில் பாதி போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். 1967-இல் எர்ரெட் பிஷப் என்ற அமெரிக்கர், பகுப்பாய்வு என்ற கணிதப் பிரிவின் பெரும்பகுதியை இந்த வழியிலேயே கட்டி எழுப்பி ஒரு நூலாக வெளியிட்டு அந்தப் பயத்தைக் குறைத்தார். ஒன்று இருக்கவே முடியாது என்று காட்டுவதையும் இவர்கள் நிரூபணமாக ஏற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் 7.5 செ.மீ. நடுக்கோடு அந்த வகை.

குழந்தை அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்னது வேறு கதை. அவர் பார்த்தது குழந்தையின் மனத்தை; பிரௌவர் பார்த்தது நிரூபணத்தை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பயிற்சி வகுப்புகளில் பேசுவோரை நான் கேட்டிருக்கிறேன், பொறுமையாகத்தான். ஆனாலும் வகுப்பறை வாசலில் இருவரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாயா, செய்து காட்டுகிறாயா? ஒரு வரிசைக் காசுகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் எண்ணிக்கை கூடிவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதைப் பியாஜே காட்டினார். 'கூடவில்லை' என்று நூறு தடவை சொல்லிக் கொடுத்தாலும் தானே ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கும் நாள் வராமல் அது உள்ளே இறங்காது. அந்த நாளை முன்கூட்டி வரவழைக்கப் பெரியவர் ஒருவரின் துணை எவ்வளவு உதவும் என்பதைச் சொன்னவர் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. ஆசிரியருக்கு அங்கே வேலை இருக்கிறது. பிள்ளைகளிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலமெங்கும் வந்தது. பாடங்களைப் படிப்படியாக வரிசையிட்ட ஏணியும் அட்டைகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்நிலைக் கரும்பலகையும் வந்தன. குறைகள் இருந்தன. அட்டையை முடித்துவிட்டால் கற்றுவிட்டதாகக் கணக்கு எழுதியதும் உண்மை. ஆனால் கடிதம் எழுதிய வாசகர் ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி மலைக்கு வந்து, ஒரே அறையில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை வைத்துக்கொண்டு ஓரிரு ஆசிரியர்கள் நடத்தும் பள்ளியைப் பார்க்க வேண்டும். காப்பி பறிப்புக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வராத நாள் உண்டு. விட்டுப்போன இடத்திலிருந்து தொடர அந்த ஏணி வழி விட்டது. எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்து கோரஸாகப் படிக்கும் முறையில் அதற்கு இடமே இல்லை.

நகரத்துப் பிள்ளைகளிடமும் கையில் கணக்கு இருக்கிறது, நாம் கேட்பதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி என் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். நூற்றுக்கு 70 வெள்ளியும் மீதி செம்பும் உள்ள 300 கிராம் கலவையை 80 ஆக்க எவ்வளவு சுத்த வெள்ளி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். மற்றவர்கள் எக்ஸ் போட்டுச் சமன்பாடு அமைத்துக்கொண்டிருக்க, அவள் வாயாலேயே சொன்னாள்: 'செம்பு 90 கிராம் சார், அது மாறாது. அது இருபது சதவீதம் ஆகணும்னா மொத்தம் 450. அப்ப 150 சேர்க்கணும்.' சமன்பாடு தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள் என்ற அவளது வழி எந்தச் சமன்பாட்டுக்கும் அடியில் இருக்கிறது. பட்டறையை இதற்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். படிக்கும் வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போன பிள்ளைகளையும் இதே ஊரில் நாம் பார்த்திருக்கிறோம்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று சொல்லிவிட்டது. அதை எழுதி இத்தனை ஆண்டு ஆகிறது. வினாத்தாள் அமைப்போருக்கு நான் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. செய்முறை வடிவியலின் எட்டு மதிப்பெண்ணில் இரண்டை எடுத்து, 'இந்த வட்டத்தில் உச்சிக்கோணம் ஏன் 60 பாகையாக இருக்கிறது?' என்றோ, 'நடுக்கோடு 7.5 செ.மீ. என்றால் என்ன ஆகும்?' என்றோ ஒரு வரி கேளுங்கள். விடைக்குறிப்பில் 'வில் வட்டத்தை வெட்டாது. முக்கோணம் அமையாது' என்று ஒரே வரி போட்டால் திருத்துவோருக்கும் சிரமம் இல்லை. ஆறு மதிப்பெண் அப்படியே இருப்பதால் மெல்லக் கற்கும் பிள்ளைக்குப் பெரிய இழப்பும் இல்லை. வாரியத்தில் இது நடக்க நாளாகும் என்றால், திருப்புதல் தேர்வுத் தாளை மாவட்ட அளவிலேயே தயாரிக்கும்போது சேலத்திலாவது இந்த ஆண்டு ஒரு தாளில் செய்து பார்க்கலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.